வக்கீலிடம் சொன்ன தொழில் ரகசியம் எங்கே போகும்?

நான்கு மாதம் மனதில் போட்டு உருட்டிய ஒரு தொழில் யோசனையோடு கோவை நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் படியேறினேன். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்த இரண்டு பக்க ரகசிய ஒப்பந்தம். முதலில் அவர் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் வாயைத் திறக்கலாம் என்பது என் திட்டம்.

வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு என் பக்கமாகத் தாளைத் திருப்பி வைத்தார். "கையெழுத்துப் போடறதுல எனக்கு ஒண்ணும் இல்லைங்க தம்பி. ஆனா இதுல எழுதியிருக்கறதுக்கு மேலயே சட்டம் என் வாயைக் கட்டி வெச்சிருக்கு. அதை முதல்ல தெரிஞ்சுக்குங்க, அப்புறம் பேசலாம்."

தலையாட்டினேன். ஆனாலும் பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியை மறைத்தேன். அந்த மறைப்பு எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

தொழில் தொடங்க நினைக்கும் நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு பேச்சுகளைக் கேட்கிறேன். "வக்கீல்கிட்ட எதை வேணும்னாலும் சொல்லலாம், கோர்ட்டே கேட்டாலும் சொல்ல மாட்டார்" என்பது ஒன்று. "வக்கீல்கிட்ட போய் ஐடியாவைச் சொல்லாதே, வேற யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுவார்" என்பது இன்னொன்று. இரண்டிலும் அரைகுறையாகத்தான் விஷயம் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

நண்பர், ஆடிட்டர், வக்கீல்

ஒரே ரகசியத்தை மூன்று பேரிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் நண்பர். டீக்கடையில் நின்றபடி, "யாருக்கும் சொல்லாதடா" என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொல்கிறீர்கள். அவர் காப்பாற்றினால் நட்பு. வெளியே விட்டால் வருத்தம். நண்பர் என்ற முறையில் அவர் வாயைக் கட்டும் தனிச்சட்டம் எதுவும் இல்லை.

அடுத்தது ஆடிட்டர். பட்டயக் கணக்காளர் ஒருவர் வாடிக்கையாளரின் சம்மதமில்லாமல் அவருடைய தொழில் தகவலை வெளியே சொன்னால், 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி அது தொழில் ஒழுங்கீனம். அவர்மேல் நடவடிக்கை எடுக்கலாம். இப்படித் தொழில் முறையில் கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்க வேண்டிய பொறுப்பை ரகசியக் கடமை என்போம். ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு: வேறொரு சட்டம் கேட்டால் சொல்லலாம். நீதிமன்றம் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, "உங்க வாடிக்கையாளர் என்ன சொன்னார்?" என்று கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது ஆள் வக்கீல். ஆடிட்டருக்கு உள்ள ரகசியக் கடமை அவருக்கும் உண்டு. அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: கட்சிக்காரர், அதாவது ஆலோசனைக்காக அவரிடம் வந்தவர், தன்னிடம் சொன்னதை வெளியிட நீதிமன்றத்தில்கூட அவருக்கு அனுமதி கிடையாது. நீதிபதியே கேட்டாலும், "அதைச் சொல்லச் சட்டம் என்னை அனுமதிக்கவில்லை" என்று அவர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இந்த இரண்டாவது பூட்டுக்குப் பெயர் தனிச்சலுகை.

பொதுப்பேச்சில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். ரகசியக் கடமை என்பது கேட்டவர் தானாக வாய் திறக்காமல் இருப்பது. தனிச்சலுகை என்பது மற்றவர்கள் கட்டாயப்படுத்தி அந்த வாயைத் திறக்க முடியாமல் இருப்பது. ஆடிட்டருக்கு முதல் பூட்டு மட்டும். வக்கீலுக்கு இரண்டும். நண்பருக்கு இரண்டும் இல்லை.

பூட்டும் சாவியும்

வக்கீலுக்கான பூட்டு 1872-இல் வந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லித்தான் வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதில் இது 132-ஆம் பிரிவு.

அந்தப் பிரிவு சொல்வதை எளிய பேச்சில் இப்படிச் சொல்லலாம். வக்கீல் என்ற முறையில் வேலை பார்க்கும்போது, அந்த வேலைக்காகக் கட்சிக்காரர் தன்னிடம் சொன்னது, காட்டிய ஆவணத்தில் இருந்தது, தான் பதிலுக்குக் கொடுத்த ஆலோசனை, இந்த மூன்றையும் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது. வழக்கு முடிந்தாலும், நீங்கள் வேறு வக்கீலிடம் போய்விட்டாலும் இந்தக் கடமை தொடரும். அதற்குக் காலக்கெடு கிடையாது.

வக்கீலிடம் வேலை செய்யும் குமாஸ்தாவையும் மற்ற ஊழியர்களையும் மொழிபெயர்ப்பாளரையும்கூட இதே பிரிவு கட்டுகிறது. வக்கீல் அலுவலகத்தில் ஃபைலைக் கட்டுகிறவர், டைப் அடிக்கிறவர் எல்லோரும் நம் விஷயத்தைப் பார்க்கத்தானே செய்வார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. அவர்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று, சாவி யாரிடம் இருக்கிறது என்பது. அது வக்கீலிடம் இல்லை, கட்சிக்காரரிடம் இருக்கிறது. என் கதையை நான் இங்கே எழுதலாம், ஏனென்றால் ரகசியம் என்னுடையது. அந்த வக்கீல் இதே கதையை என் பெயரோடு எழுத முடியாது. அதே சட்டத்தின் 134-ஆம் பிரிவு உங்களுக்கும் ஒரு பாதுகாப்புத் தருகிறது: உங்கள் சட்ட ஆலோசகரோடு ரகசியமாகப் பேசியதைச் சொல்லும்படி, நீங்களாக முன்வந்து சாட்சி சொன்னால் ஒழிய, நீதிமன்றம் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

இதெல்லாம் ஏட்டில்தானே, நடப்பில் எப்படி என்று கேட்பவர்களுக்கு 2025-இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காப்பீட்டு நிறுவனம் ஊழியர்களுக்கான பங்கு ஒதுக்கீடு பற்றிக் கேட்டிருந்த சட்டக் கருத்து தொடர்பாக, சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதாருக்கு அமலாக்கத் துறை அந்த ஆண்டு ஜூன் மாதம் சம்மன் அனுப்பியது. வக்கீல் சங்கங்கள் கொதித்தெழுந்தன. சம்மன் திரும்பப் பெறப்பட்டது. உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்சினையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, 2025 அக்டோபர் 31-இல் தீர்ப்புச் சொன்னது. கட்சிக்காரரைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக அவருடைய வக்கீலுக்கு விசாரணை அதிகாரி சம்மன் அனுப்பக் கூடாது. சட்டத்திலேயே உள்ள விதிவிலக்கு பொருந்தினால் மட்டும் அனுப்பலாம். அப்போதும் காரணத்தை எழுத வேண்டும், காவல் கண்காணிப்பாளருக்குக் குறையாத மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். சட்டக் கருத்துக் கேட்டதுதான் அங்கே விஷயம் என்பதைக் கவனியுங்கள். நாம் தொழில் யோசனையோடு போய்ச் செய்வதும் அதேதான்.

பந்தியில் பக்கத்து இலை

"வக்கீல் என்ற முறையில்", "அந்த வேலைக்காக" என்ற இரண்டு சொற்களைச் சட்டம் சும்மா போடவில்லை.

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவர் தூரத்துச் சொந்தம். வக்கீல். ரசம் வருவதற்குள் உங்கள் யோசனையை முழுக்கச் சொல்லிவிடுகிறீர்கள். "நல்லா இருக்குப்பா, செய்" என்கிறார். இது வக்கீலிடம் பேசியது ஆகுமா? அவர் வக்கீல்தான். ஆனால் அந்த நேரத்தில் மாமாவாகவோ சித்தப்பாவாகவோதான் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் சட்ட ஆலோசனை கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. பின்னால் தகராறு என்று வந்தால் இந்தப் பேச்சுக்குத் தனிச்சலுகை இருந்தது என்று நிரூபிக்கத் திண்டாட வேண்டியிருக்கும். எதிர் இலையில் இருந்தவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

ஆகவே தொடக்கத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு தொழில் விஷயமாகச் சட்ட ஆலோசனை வேண்டும், எப்போது வரலாம்?" என்று ஒரு செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பிவிட்டுப் போவது போதும். ஆலோசனைக் கட்டணம் கொடுத்து ரசீது வாங்கினால் இன்னும் தெளிவு. காசு கொடுத்தால்தான் ரகசியம் ரகசியமாகும் என்று அர்த்தமில்லை. எந்த நாளில், எந்த வேலைக்காகப் போனீர்கள் என்பதற்கு அது ஒரு தடயம், அவ்வளவுதான்.

கூட யாரைக் கூட்டிப்போகிறீர்கள் என்பதும் இதில் சேரும். துணைக்கு மச்சானை அழைத்துப் போவது நம் ஊர்ப் பழக்கம். மச்சான் தொழிலில் பங்குதாரர் என்றால் சரி, அவரும் கட்சிக்காரர்தான். வேடிக்கை பார்க்க வந்தவர் என்றால், அவர் வாயைக் கட்ட 132-ஆம் பிரிவில் ஒரு வரியும் இல்லை. வெளியே உட்காரச் சொல்வதில் சங்கடம் வேண்டாம். நல்ல வக்கீல்கள் அவர்களாகவே சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பூட்டு யாருக்கு இல்லை

விஷயம் கசிவது பெரும்பாலும் வக்கீல் வாயிலிருந்து அல்ல. வக்கீல் அலுவலகத்துக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும்தான்.

எந்த நீதிமன்றத்துக்கு வேண்டுமானாலும் போய் வெளியே ஜெராக்ஸ் கடையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒருவர் பென் டிரைவைக் கொடுக்கிறார். கடைப் பையன் அதைக் கணினியில் செருகி, ஃபைலை டெஸ்க்டாப்பில் போட்டு, அச்செடுத்துக் கொடுக்கிறான். ஃபைல் அங்கேயே கிடக்கிறது. அடுத்தவர், "வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன் பாருங்க" என்கிறார். அது கடை நம்பரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு பேரும் தங்கள் வக்கீலைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். வக்கீலின் குமாஸ்தாவைக் கட்டும் சட்டம் ஜெராக்ஸ் கடைக்காரரைக் கட்டாது. அன்று நான் அச்செடுத்த யோசனைக் குறிப்பும் இப்படி ஒரு கடையில்தான் பிரதியானது. ஒப்பந்தத்தில் வக்கீலிடம் கையெழுத்துக் கேட்டவன், கடையில் ஃபைலை அழித்தார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆடிட்டரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். காப்புரிமை முகவர் என்று ஒரு தொழில் இருக்கிறது. புதுக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தருகிறவர்கள். அதற்கென்று தேர்வு எழுதித் தேறிய பொறியாளர்கள், விஞ்ஞானிகள் பலர் இதில் உண்டு. நம்பிக்கையானவர்களாக இருக்கலாம். ஆனால் பிரிவு 132 பேசுவது வழக்கறிஞரைப் பற்றி மட்டும்தான். முகவரே வழக்கறிஞராகவும் பதிவு செய்தவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் அவரோடு எழுத்தில் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சட்ட அதிகாரியும் இந்த வட்டத்துக்குள் வர மாட்டார். நான் மேலே சொன்ன 2025 தீர்ப்பிலேயே, நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வக்கீல் அல்லாத கம்பெனிச் சட்ட ஆலோசகருக்கு 132-ஆம் பிரிவின் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் யோசனையை ஒரு பெரிய கம்பெனியிடம் விற்கப் போகும்போது, அவர்கள் பக்கத்துச் சட்ட அதிகாரி சிரித்த முகத்தோடு, "எல்லாம் ரகசியம்தான், சொல்லுங்க" என்பார். அவர் உங்கள் வக்கீல் அல்ல. அவர் கடமையெல்லாம் அவருக்குச் சம்பளம் தரும் கம்பெனிக்குத்தான்.

அப்புறம் நம் கைபேசி. வக்கீல் அனுப்பிய ஆலோசனை மின்னஞ்சலை "பார்த்துச் சொல்லு" என்று மூன்று பேருக்கு ஃபார்வர்டு செய்கிறோம். வக்கீல் வாய் பூட்டியபடியேதான் இருக்கிறது, ஆனால் அந்த மூன்று பேருக்குப் பூட்டு இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் முழு யோசனையையும் ஒட்டி, சட்டச் சிக்கல் உண்டா என்று கேட்பவர்களும் இப்போது அதிகம். அது வக்கீல் இல்லை, இந்தச் சட்டமும் அதற்குப் பொருந்தாது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்ப்போம். வக்கீலின் வாய்க்கும் அவர் அலுவலகத்துக்கும் பூட்டு உண்டு. அதன் சாவி உங்களிடம் இருக்கிறது. வக்கீல் வேலைக்காகப் பேசியதற்கு மட்டும்தான் அந்தப் பூட்டு. அலுவலக வாசலைத் தாண்டினால் எச்சரிக்கை உங்கள் பொறுப்பு.

எதை இந்தப் பூட்டு மறைக்காது

குற்றம் செய்ய வக்கீலின் உதவி கேட்டால் பாதுகாப்பு இல்லை. பழைய சட்டமே இதற்கு எடுத்துக்காட்டுகளைத் தந்திருந்தது. "நான் போலிப் பத்திரம் செய்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சு பாதுகாக்கப்பட்டது. குற்றவாளிக்காக வாதாடுவது குற்றமல்லவே. "போலிப் பத்திரத்தை வைத்து ஒரு சொத்தைப் பிடிக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்" என்று சொன்னால் பாதுகாப்பில்லை. நடந்து முடிந்ததைச் சொல்வதற்கும் நடத்தப்போவதற்கு உதவி கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. தொழிலுக்கும் இது பொருந்தும். "முதலீட்டாளரிடம் விற்பனைக் கணக்கைக் கூட்டிக் காட்ட வேண்டும், எப்படி எழுதலாம்?" என்பது இரண்டாவது வகை. வக்கீல் தன் வேலை தொடங்கிய பிறகு நடக்கும் குற்றத்தையோ மோசடியையோ கண்ணால் பார்த்தால், அதற்கும் பாதுகாப்பு இல்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை, ஒரு காகிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிட்டால் அது மறைந்துவிடும் என்பது. உங்களிடம் ஏற்கெனவே இருந்த கணக்குப் புத்தகம், கடிதம், ஒப்பந்தம் எதுவும் வக்கீல் மேசைக்குப் போனதால் ரகசியமாகிவிடாது. நீதிமன்றம் கேட்டால் அந்த ஆவணம் வந்தாக வேண்டும். அந்த ஆவணத்தைப் பற்றி நீங்கள் வக்கீலிடம் பேசியதும் அவர் பதில் சொன்னதும்தான் பூட்டுக்குள் இருக்கும்.

ரகசியம் வேறு, உரிமை வேறு

நான் தடுமாறிய இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

என் யோசனை திருப்பூரைச் சுற்றியது. ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கும், தைக்க ஆள் போதாது. இரண்டு தெரு தள்ளி ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்கள் வேலையில்லாமல் உறைபோட்டு மூடிக் கிடக்கும். இரண்டையும் இணைக்க ஒரு செயலி. எந்த மெஷின் எந்த நாளில் சும்மா இருக்கிறது, பீஸ் ரேட் என்ன, போன தடவை செக்கிங்கில் எத்தனை கழிந்தது என்பது வரை அதில் தெரியும். "இந்த ஐடியா என்னுடையதுன்னு பதிவு பண்ணித் தாங்க" என்றேன்.

"ஐடியாவுக்குன்னு பதிவேடு எதுவும் இல்லைங்களே" என்றார் வக்கீல்.

பதிப்புரிமை யோசனையைக் காக்காது. யோசனைக்கு நீங்கள் கொடுக்கும் எழுத்து வடிவத்தை, நிரலை, படத்தைத்தான் காக்கும். ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் (கே) என்ற உட்பிரிவு, தொழில் நடத்தும் முறைக்கும் வெறும் கணினி நிரலுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. என் செயலி இரண்டிலும் விழுந்தது. பெயருக்கும் முத்திரைக்கும் வணிகக் குறி வாங்கலாம். ஆனால் அதே வேலையை வேறு பெயரில் இன்னொருவர் செய்வதை அது தடுக்காது.

இயந்திரமோ வேதிமுறையோ கண்டுபிடித்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் காப்புரிமை கிடைக்கலாம். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்னால் விஷயம் உலகுக்குத் தெரிந்துவிட்டால் அது "புதியது" என்ற தகுதியை இழக்கும். வக்கீலிடம் ரகசியமாகச் சொல்வது வெளியிடுவது ஆகாது. அவரிடம் போவதற்கு முந்தின நாள் முகநூலில் வீடியோ போடுவதுதான் வெளியீடு. அவசரம் என்றால் முதற்கட்டமாக கண்டுபிடிப்பை விளக்கும் ஒரு தற்காலிக விவரணத்தோடு விண்ணப்பித்துவிட்டு, முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

அப்படியானால் வெறும் யோசனைக்குப் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது ரகசியமாக இருக்கும் வரைதான். நம்பிக்கை மீறல் என்று ஒரு வழக்கு வகை உண்டு. ரகசியமாகச் சொல்லப்பட்டதைக் கேட்டவர், சொன்னவரின் அனுமதியில்லாமல் பயன்படுத்திக்கொண்டால் அதைத் தடுக்கக் கேட்பது. 1968-இல் இங்கிலாந்தில் ஒரு மொபெட் எஞ்சின் வடிவமைப்பை ஒட்டி எழுந்த வழக்கில் வகுத்த மூன்று கேள்விகளையே நம் நீதிமன்றங்களும் கேட்கின்றன. தகவல் ரகசியத் தன்மை உடையதா? ரகசியமாக வைக்க வேண்டும் என்று இருவருக்கும் புரியும் சூழலில் சொல்லப்பட்டதா? அனுமதியில்லாமல் பயன்படுத்தப்பட்டதா?

2002-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இப்படி ஒன்று வந்தது. மணமகள் மேடையிலேயே மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை அனில் குப்தா என்பவர் 'ஸ்வயம்வர்' என்ற பெயரில் யோசித்து, ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தாரிடம் விளக்கியிருந்தார். பின்னர் அதே சாயலில் அவர்கள் ஒரு நிகழ்ச்சியை அறிவித்தார்கள். சுயம்வரம் நம் புராணத்திலேயே இருக்கிறதே, இதில் என்ன ரகசியம் என்று கேட்கத் தோன்றும். பழைய கருவைத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி விவரமாக வடிவமைத்து எழுதியிருந்ததையே நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டு இடைக்காலத் தடை கொடுத்தது. மொட்டையாக ஒரு வரியில் சொன்ன யோசனை நிற்காது. எழுதி, விவரித்து, இன்ன தேதியில் இன்னாரிடம் ரகசியமாகக் கொடுத்தேன் என்று காட்ட முடிந்த யோசனைக்கு நிற்க ஒரு கால் இருக்கிறது.

ஆக, வக்கீலின் பூட்டு யோசனையை உங்களுக்குச் சொந்தமாக்கித் தராது. யோசனை ரகசியமாகவே தொடர உதவும். அந்த ரகசியத்தின்மேல்தான் மற்ற பாதுகாப்புகளைக் கட்ட முடியும்.

வக்கீலிடம் ரகசிய ஒப்பந்தம் கேட்கலாமா?

கேட்பதில் தப்பில்லை. என்.டி.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இன்ன தகவலை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது. ஆனால் வக்கீலிடம் அதற்குத் தேவை மிகக் குறைவு. 132-ஆம் பிரிவை மீறுவதையும், கட்சிக்காரர் தன்மேல் வைத்த நம்பிக்கையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வதையும் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. யோசனையை எடுத்து மச்சினர் பெயரில் கடை திறக்கும் வக்கீல் மாட்டுவது இந்த இரண்டாவது விதியில்.

என்.டி.ஏ. வேலை செய்ய வேண்டிய இடங்கள் வேறு: செயலி எழுதித் தரும் ஃப்ரீலான்சர், மாதிரிப் பொருள் செய்து தரும் பட்டறை, பங்குதாரராக வரலாமா என்று யோசிக்கும் நண்பர். முதலீட்டாளர்கள் பெரும்பாலும் போட மாட்டார்கள். வாரத்துக்கு எத்தனையோ யோசனைகளைக் கேட்கிறவர்கள் அவர்கள். அவர்களிடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை முதலில், விஷயத்தை அப்புறம்

ஒப்பந்தத்தைவிட முக்கியமாக நான் வக்கீலிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்தத் துறையில் இன்னின்ன கம்பெனிகளுக்கு நீங்க ஏற்கெனவே வக்கீலாக இருக்கீங்களா?" உங்கள் போட்டியாளருக்கும் அவரே வக்கீல் என்றால் அதை நலன் முரண் என்பார்கள். ஒரே ஆள் எதிரெதிரான இரண்டு பேருக்கு விசுவாசமாக இருக்க முடியாத நிலை. கோவை, திருப்பூர் மாதிரி ஊர்களில் ஒரு துறைக்குப் பெயர்போன வக்கீல்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். ஆகவே இது நடக்கக்கூடியதே.

தொலைபேசியிலேயே உங்கள் பெயர், பங்குதாரர் பெயர், தகராறு வரக்கூடிய கம்பெனிகளின் பெயர், பொதுவாக எந்தத் துறை என்பதை மட்டும் சொல்லிக் கேளுங்கள். "இல்லை, எனக்கு அவங்களோட சம்பந்தம் இல்லை" என்று பதில் வந்த பிறகு விஷயத்தைத் திறக்கலாம்.

வாய் திறந்துவிட்டால்

வக்கீலே ரகசியத்தை வெளியிட்டால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். நமக்கு அது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 35-ஆம் பிரிவின்படி ஒழுங்குக் குழு விசாரித்து, கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை போடலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். தடை கேட்டும் இழப்பீடு கேட்டும் சிவில் நீதிமன்றம் போகலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வக்கீலின் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புகார் நிற்க வேண்டுமென்றால் எதை, எப்போது கொடுத்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாயால் சொல்வதோடு, "இன்று பேசியதன் சுருக்கம்" என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

நான் மறைத்த பாதி

முதல் நாள் நான் சொல்லாமல் விட்டது இது. அப்போது நான் இன்னும் வேலையில்தான் இருந்தேன். பின்னலாடைக் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனம். நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருந்தது. செயலியின் நிரலில் பெரும்பகுதியை இரவுகளில் அலுவலக லேப்டாப்பில்தான் எழுதியிருந்தேன். சொன்னால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பார் என்ற கூச்சம் ஒரு பக்கம், எங்கேயாவது போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதனால் அவர் கம்பெனிப் பதிவு, வணிகக் குறி, பயனர் ஒப்பந்தம் என்று எனக்குத் தேவையில்லாத வரிசையில் ஆலோசனை சொன்னார். கேட்ட விஷயத்துக்கு அது சரியான ஆலோசனைதான்.

மூன்று வாரம் கழித்து, தூக்கம் வராமல் மறுபடி போய் மீதியைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்குங்களா?" என்றார். கைபேசியில் இருந்ததைக் காட்டினேன். பெரிதாக்கி, பதினோராவது பத்தியில் நிறுத்தினார். பணிக்காலத்தில் நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம். அந்தப் பத்தி இல்லாவிட்டாலும்கூட, வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான் என்று பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது, ஆகவே அந்த நிரலைத் தொட வேண்டாம் என்றார்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா லேப்டாப்பை அன்னைக்கே மூடச் சொல்லியிருப்பேன். மூணு வாரம் நீங்க எழுதினதும் சேர்ந்து போச்சு பாருங்க." குரலில் கோபம் இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வேலையை விட்டு வெளியேறும் தேதியைக் கேட்டு மேலே எழுதினார். அதற்குக் கீழே கோடு போட்டு, "இதுக்கு அப்புறம், சொந்த மெஷின்ல, முதல் வரியிலிருந்து" என்றார்.

பழைய நிரலை அந்த லேப்டாப்போடு கம்பெனியிடம் ஒப்படைத்தேன். புதிதாக எழுதி முடிக்க ஐந்து மாதம் ஆனது. அந்த வெள்ளைத்தாள் இன்னும் அதே பிளாஸ்டிக் ஃபைலில்தான் இருக்கிறது, யாருமே கையெழுத்துப் போடாத என் ரகசிய ஒப்பந்தத்துக்கு மேலே.